மதுரையில் அவர் என்ன சாப்பிடுவார்

தொண்டையில் வந்த புற்றுநோய்க்காக என் கணவருக்கு ஏழு வாரம் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். அது முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"மதுரைக்குப் போலாம். ரெண்டே நாளு. சாப்புடறதுக்கு."

அந்த ஒன்பது மாதமும் அவர் சாப்பிட்டது குழைந்த சோறும் ரசமும் பாலில் ஊறிய இட்லியும்தான். எச்சில் சுரப்பதில்லை என்பதால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். உப்பும் புளிப்பும் லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. இனிப்பு தெரியவே இல்லை. காரம் பட்டால் வாய் எரிந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய காலத்தில் ஷிப்டு முடிந்து பரோட்டா பொட்டலம் இல்லாமல் வராத மனிதர். நாங்கள் குடியிருக்கும் சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரம் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். இப்போதெல்லாம் அவற்றைத் தாண்டும்போது வண்டியை விரட்டுவார்.

அன்றிலிருந்து போனில் மதுரைக் கடைகளைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். காலையில் எந்தக் கடை, மதியம் எந்த மெஸ், நடுவில் மகாலும் கோயிலும் எப்போது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். வேறொரு ஊருக்கென்றால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். சாப்பாட்டுக்கென்றே போகிற ஊர் என்பதுதான் உறுத்தியது. அங்கே உட்கார்ந்து அவரால் விழுங்க முடியாமல் போனால்? முதல் வாயிலேயே அடைத்துக்கொண்டால்?

நான் வானகரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் எழுதிப் பார்க்காமல் எனக்கு ஆகாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவர் சொன்ன ஒவ்வொரு கடைக்கும் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, ஆட்டோவில் எத்தனை நிமிஷம் என்று எழுதி வைத்தேன். லாட்ஜையும் அப்படித்தான் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.

செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேதான் கேட்டேன். "தாராளமா போய்ட்டு வாங்க. சின்னச் சின்ன வாயா சாப்பிடணும், தண்ணி கையிலயே இருக்கணும்" என்றார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பரோட்டா வாங்கி வந்து, சால்னாவில் ஊறவைத்து அவர் முன் வைத்தேன். இரண்டு வாய் போனது. மூன்றாவது சிக்கியது. இருமி, கண்ணெல்லாம் சிவந்து, சிங்கில் துப்பினார். நான் பதறிப்போய் முதுகைத் தட்டினேன்.

"வேணாங்க. அடுத்த வருஷம் போவலாம்."

"இன்னா, பரீட்சை வெக்கிறியா எனக்கு?"

"பயமா இருக்குதுங்க."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். டீபாயில் கிடந்த என் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தை என் முன் விரித்துப் போட்டார். எப்போதோ பார்த்திருக்கிறார்.

"நீ இன்னா சாப்புடக் கூட்டினு போறியா, சாவக் கூட்டினு போறியா?"

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் நானே டிக்கெட் போட்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பகல் ரயிலில் போனோம். சனிக்கிழமை மதியம், அவர் சொல்லிக்கொண்டே இருந்த மெஸ்ஸில் கறி தோசை வந்தது. சிறிதாகப் பிய்த்து, தண்ணீரோடு விழுங்கினார். இறங்கியது. நான் மூச்சு விட்டேன். அடுத்த வாயில் மிளகுக் காரம் ஏறிவிட்டது. முகம் சுருங்கி, வாயைப் பொத்திக்கொண்டார். என் கை பைக்குள் நோட்டைத் தேடியது.

பரிமாறுகிறவர் ஓடி வந்தார். "என்னண்ணே, காரமா இருக்கா? இட்லி தரவாண்ணே, தேங்கா சட்னியோட?"

"வேணாம்பா" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். என் இலையில் இருந்ததை என்னாலும் தொட முடியவில்லை.

மகாலில் ஒரு பெரிய தூணுக்கடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேற்கூரையைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்க வாய் வரை வந்தது.

வெளியே வந்ததும் ஒரு வண்டிக் கடையில் ஜிகர்தண்டா கேட்டார். அவ்வளவு ஜில்லென்று குடித்தால் இருமல் வருமே என்றேன். காதில் வாங்கவில்லை. ஸ்பூனால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தவர் அப்படியே நின்றார். அடைத்துக்கொண்டது என்றே நினைத்து அவர் தோளைப் பிடித்தேன்.

"இனிக்குது" என்றார்.

"நெசமாவா?"

"இனிக்குதுடி. பாலு தனியா தெரியுது."

எனக்காகச் சொல்கிறாரோ என்று சந்தேகமாகத்தான் இருந்தது. அவர் இன்னொரு கிளாஸ் கேட்டு, பாதியை என்னிடம் நீட்டினார். நின்றுகொண்டே குடித்தோம். இருமல் வருமா, வருமா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

ஊர் திரும்பியதும், திங்கட்கிழமை காலை நான் ஸ்கூலுக்குக் கிளம்பும் அவசரத்தில் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா இவ்ளோ சக்கரை போட்டுக்கீற?" என்றார்.

வாங்கிக் குடித்துப் பார்த்தேன். உண்மையிலேயே அதிகம்தான். வேறு டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன். அடுத்த வாரம் அவருக்கு ஸ்கேன். அன்று காலை நாங்கள் பேசியது சக்கரையைப் பற்றி மட்டும்தான்.