மாம்பழமும் அன்னாசியும் சேர்ந்த இனிப்பு

ஜேர்மனியில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வந்தால் பெட்டியில் பாதிக்கு இனிப்புத்தான் அடைத்துக்கொண்டு வருவான். எங்களுக்கு என்ன தேவை என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முழங்காலுக்குப் பூசுகிற மருந்து என்று சொல்லியிருப்பேன். அந்த முறை கொண்டுவந்ததில் ஒன்று, மாம்பழமும் அன்னாசியும் சேர்த்துச் செய்த, சவ்வாக இழுபடுகிற இனிப்பு. பனி கொட்டுகிற நாட்டில் செய்து, பக்கற்றில் மாம்பழப் படமும் போட்டு, வளவுக்கு வளவு மாமரம் நிற்கிற ஊருக்கு வந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்றை வாயில் போட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது என் சிநேகிதிதான். அவளுக்கு அன்னாசி என்றால் உயிர்.

அவள் முஸ்லிம், நாங்கள் கத்தோலிக்கர். மன்னார்த் தீவில் அவர்களுடைய பின்வளவும் எங்களுடைய பின்வளவும் ஒரே வேலி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் எல்லோரும் தீவை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்த இயக்கத்தார் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவளும் கைக்குழந்தையோடு வள்ளம் ஏறிப் புத்தளத்துக்குப் போனாள். இருபது வருசம் கழித்து, சண்டை ஓய்ந்த பிறகு, பற்றை மூடிய பழைய வளவுக்கே திரும்பி வந்து முதலில் தகரக் கொட்டிலும் பிறகு கல்வீடும் கட்டினாள். வந்த நாளிலிருந்து என்னோடு நன்றாகத்தான் கதைத்தாள். மீன் விற்கிற விலை, குழாயில் தண்ணீர் வராதது, மருமகளின் கைப்பக்குவம். அவள் போன நாளைப் பற்றி மட்டும் அவளும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. பழைய சிநேகிதம் அப்படியே திரும்பக் கிடைத்துவிட்டது என்று நம்ப எனக்கு ஆசை. அது எந்த நேரமும் கைநழுவிப் போகலாம் என்ற பயமும் கூடவே இருந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு முறை இருந்தது. பாலன் பிறக்கிற நத்தாருக்கு அவர்கள் வீட்டுக்குப் போகிற பலகாரத்தை அம்மா முதலில் சுடுவாள். அதற்கென்று இறைச்சி படாத தனித் தாச்சி, புதிதாக உடைத்த எண்ணெய்ப் போத்தல். பிராந்தி விட்ட கேக் அந்தத் தட்டத்தின் பக்கமே போகாது. அவர்களும் அப்படித்தான். ஒருமுறை ஹஜ்ஜுப் பெருநாள் எங்கள் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்றைக்கு அவளுடைய உம்மா இறைச்சி இல்லாமல் தனியாகச் சோறு ஆக்கி அனுப்பினாள். யாரும் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. அடுத்த வீட்டுக்காரர் எதைத் தின்பார்கள், எதைத் தின்னமாட்டார்கள் என்று தெரியாதவர்களை எங்கள் ஒழுங்கை வீடுகளில் மனிதராகவே மதிப்பதில்லை.

அவள் வந்திருந்த ஒரு பின்னேரம் அந்த இனிப்பில் இரண்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்காமல் வாயில் போட்டாள். முதலில் மாம்பழம் வருகிறது, கடைசியில் அன்னாசி வந்து புளிக்கிறது என்றாள். அவளுடைய கட்டுப்பல் இனிப்போடு ஒட்டிக் கழன்று வரப் பார்த்தது. முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் வயிறு நோகச் சிரித்தேன். அவள் திரும்பி வந்த பிறகு நாங்கள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோசத்தில் மிச்சப் பக்கற்றையும் பேரப்பிள்ளைகளுக்கு என்று கையில் திணித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவளுடைய மகன் வந்தான். அன்றைக்குக் கைக்குழந்தையாகப் போனவன், இப்போது தாடியும் உத்தியோகமுமாக நிற்கிறான். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. பக்கற்றின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் போனில் படம் பிடித்து மொழிமாற்றிப் பார்த்தானாம். பன்றித் தோலில் இருந்து எடுக்கிற ஜெலட்டின் என்று வந்ததாம்.

“நீங்க வேணுமெண்டு செய்யேல்ல மாமி, எனக்குத் தெரியும். ஆனா இனிமேல் பிள்ளையளுக்கு ஒண்டும் குடுத்தனுப்பாதீங்கோ” என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதையாகச் சொன்னதுதான் கூடச் சுட்டது. முதலில் அவன்மேல் ஆத்திரம் வந்தது. பிறகு தம்பியைப் போனில் பிடித்து ஏசினேன். அதில் எவ்வளவு கிடக்கப்போகிறது அக்கா என்று அவன் சிரித்தான். போனை வைத்துவிட்டேன். அம்மாவுக்கும் ஜேர்மன் வாசிக்கத் தெரியாது. ஆனால் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை அம்மா அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டாள். அவளுடைய மகன் வைத்துவிட்டுப் போன பக்கற்றில் இருந்து ஒன்றை எடுத்துச் சப்பினேன். அதே மாம்பழம், அதே அன்னாசி. துப்பிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் அவளிடம் போனேன். குசினி வாசலில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்பு என்று தொடங்கவே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“தெரியாமத் தந்தாய், தெரியாமத் திண்டம். அல்லாஹ் மன்னிப்பான். மகன் அப்பிடித்தான், நீ அதை விடு.”

அதோடு நான் எழும்பி வந்திருக்க வேண்டும். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “மாதாவாணை, தெரிஞ்சுகொண்டு உனக்கு நான் ஒரு கெடுதி செய்வனா?” என்று கேட்டுவிட்டேன்.

சுளகு நின்றது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அரிசிக்குள் கல்லைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

“அண்டைக்கு உங்கட பின்கதவில தட்டினது நான் எண்டு உனக்குத் தெரியும்தானே.”

தெரியும். அவர்கள் கடற்கரையில் வள்ளத்துக்குக் காத்துக்கிடந்த இரண்டாம் நாள் அது. மழை. பிள்ளைக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணீர் கேட்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தட்டினாள். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். முஸ்லிம்களுக்கு உதவினால் எங்களுக்கும் பிரச்சினை வரும் என்று ஒழுங்கை முழுக்கக் கதை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. திறக்கவில்லை. சாத்தியிருந்த கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.

அம்மாதான் போட்டாள் என்று சொல்லலாம். அம்மா செத்து எத்தனையோ வருசம், இல்லை என்று சொல்ல ஆளில்லை. சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“கொம்மாவைச் சாட்டாத” என்றாள். “தாழ்ப்பாள் போடேக்க உன்ர கைக்காப்புச் சத்தம் கேட்டது.”

பிறகு அரிசியைப் பானையில் கொட்டிக் கழுவத் தொடங்கினாள்.