வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

ஸ்கூடாய் நகரில் எங்கள் பழைய வீடு மேட்டில் இருக்கிறது. கார் நிறுத்தும் போர்ச்சுக்குக் கீழே ஓர் அறை. அதன் சுவரில் ஓயாமல் ஈரம். பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்காவின் குளியலறைதான் ஒழுகுகிறது என்று சண்டை போட்டேன். அவர் தரையை உடைத்துப் புதிதாகப் போட்டார். அப்படியும் ஈரம் நிற்கவில்லை.

கசிவை அடைக்க வந்தவர் கேட்டார்: "என்னைக்கு அதிகமா ஊறுது?"

"சனிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை என்ன செய்வீங்க?"

விளக்கேற்றுமுன் போர்ச் முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவுவது நான்தான். டைல்ஸ் விரிசல் வழியாக அதுதான் கீழே இறங்கியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"எங்க பாத்ரூம் ஒழுகலன்னு தரை போட வந்த ஆள் உடைக்கறதுக்கு முன்னாடியே பார்த்துச் சொன்னாரு. உடைச்சுக் காட்டாட்டி நீங்க நம்பமாட்டீங்க லா," என்றார் அக்கா.

சுவர் இப்போது காய்ந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் நம்பியிருக்க மாட்டேன்.