மீன் ஐஸில் வந்த ஆன்டிபாடி

நான் ஒன்பதாவதோடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் என் பழைய பேப்பர் கடைக்கு எடை போட வந்த புத்தகங்களில்தான். அதனால் விழுப்புரத்துக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மகள் செய்யும் ஆராய்ச்சி எனக்கு அரைகுறையாகப் புரியும். செல்லுக்குள்ளும் சரக்கு ஏறுகிறதாம், இறங்குகிறதாம். அதை நடத்தும் புரதங்களில் ஒன்று எங்கே இருக்கிறது என்று தேடுகிறாள். எத்தனை புரதம் இருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்வது மோனோகுளோனல் ஆன்டிபாடி. அவளிடம் இருந்தது தீர்ந்துபோக, சென்னைத் தோழி தன்னிடமிருந்த கடைசிக் குப்பியைக் கொடுக்க ஒத்துக்கொண்டாள். திண்டிவனம் பஸ் நிலையத்தில் அதை வாங்கி வருவது என் வேலை.

"குளிர்ச்சியாவே இருக்கணும்பா. ஆனா உறைஞ்சிடக் கூடாது. இது போச்சுன்னா புதுசு வர மாசக்கணக்காவும்" என்று காலையிலேயே சொல்லியனுப்பினாள்.

குப்பியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பஸ் டயர் பஞ்சர். நல்ல வெயில். தெர்மோகோல் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே வைத்த ஐஸ் பை இளகிக் கிடந்தது. பக்கத்து சீட்டில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் அம்மா.

"இன்னாண்ணா, பொட்டிய மடியில வச்சிக்கினு பேயறஞ்சாப்ல குந்திக்கினு கீறீங்க?"

"மருந்தும்மா. சூடேறினா கெட்டுப்புடும்."

"அத்த ஜல்தியா சொல்றதுக்கின்னா!"

தன் மீன் கூடையில் மிச்சமிருந்த ஐஸை அள்ளிக் குப்பியைச் சுற்றிக் கொட்டினார். கையோடு இரண்டு பிடி கல் உப்பும். "உப்பு போட்டாத்தான் ஜில்லுனு நிக்கும். வஞ்சிரத்துக்கே இப்படித்தான்."

ஐஸில் உப்பு போட்டுத்தானே குல்ஃபிக்காரர் பாலை உறைய வைக்கிறார்! எனக்கு அது உறைத்தபோது அந்தம்மா பெட்டியை மூடிவிட்டிருந்தார். வாங்கின உதவியை எப்படித் திருப்புவது? சிரித்துவிட்டு, விழுப்புரம் வரை வியர்த்துக்கொண்டே வந்தேன்.

மகள் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினாள். "ஏம்பா, கொழம்புக்கா எடுத்தாந்த?"

உப்புக் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. குப்பியைத் துடைத்து, வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தாள். உள்ளே இருந்தது தேன் மாதிரி நகர்ந்தது.

"உறையலப்பா! கிளிசரின் கலந்திருக்காங்க. லேசுல உறையாது."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு. ஆனாலும் வேலை செய்யுமா என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் போனில் ஒரு படம் அனுப்பினாள். கறுப்பில் பச்சைப் பொட்டுகள் மினுங்கின; ஆன்டிபாடி போய்ப் பிடித்த இடங்கள், தேடிய புரதம் தேடிய இடத்தில். கீழே எழுதியிருந்தாள்: "அந்த மீன்காரம்மாவ பஸ்ல பாத்தா இத காட்டுப்பா."

அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.