சக்கரம் சரியில்லாத நடைவண்டி

நடைவண்டி என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் பூராவும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அப்பா பெருமாள்மலைக்கும் கொடைக்கானலுக்கும் ஜீப் ஓட்டினார். என் தங்கை பாப்பாவுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கக்கூட இல்லை. மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்தான். "மொதல்ல ஒரு நடைவண்டி செஞ்சு குடுப்போம். கடையில விக்கிறதெல்லாம் நம்ம மேட்டுக்குத் தாங்காது."

காற்றில் சாய்ந்த பேரிக்காய் மரத்தை அறுத்து மூன்று சக்கரம் செதுக்கினார். தைல மரத்தில் சட்டம் கோத்தார். காட்டெருமை மிதித்தாலும் உடையாது என்று தானே அதன்மேல் ஏறி நின்று காட்டினார். அவர் இறங்கியதுதான் தாமதம், வண்டி சரிவில் உருண்டுபோய் பக்கத்து வீட்டுப் பூண்டுப் பாத்தியில் விழுந்தது.

எங்கள் வாசலில் டம்ளரை வைத்தால்கூடச் சாயும். இத்தனை வருஷம் குடியிருக்கிற மனிதருக்கு இது தெரியாதா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சக்கரத்தை இறுக்கினார். பனிமூட்டம் இறங்கியதும் பச்சை மரம் ஈரத்தில் உப்பி, சக்கரம் அசையவே மாட்டேன் என்றது. இழைத்துவிட்டார். வெயில் அடித்ததும் சுருங்கி, மறுபடியும் பூண்டுப் பாத்திக்கே போனது. ஜீப்பை மேட்டில் நிறுத்தினால் டயருக்கு அடியில் கல் வைப்பது மலை டிரைவர்களின் வழக்கம். அந்தப் புத்தியில் நடைவண்டிக்கும் ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அது என் காலில்தான் விழுந்தது.

ஓட்டிப் பார்க்கும் ஆள் நான்தானே. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக, "வெரசா வா புள்ள, ஒரு தடவ ஓட்டிக் காமி" என்பார். என் இடுப்புக்குக்கூட வராத வண்டியை முதுகு ஒடியத் தள்ளுவேன். நன்றாகத்தான் ஓடும். பிறகு பாப்பாவைத் தூக்கி அதைப் பிடிக்கவைத்து நிறுத்துவோம். அவள் கால் துணி மாதிரி மடங்கும். தரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். அப்பா உடனே, "சக்கரம் சரியில்ல" என்று உளியை எடுத்துவிடுவார். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கிறார் என்று எனக்கு அழுகையே வரும்.

ஒருநாள் வெள்ளனே அம்மா பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நீங்க அந்த வண்டியக் கட்டிக்கிட்டு அழுங்க. நாங்க மதுரைக்குப் போறோம்" என்றாள். பஸ் வருவதற்குள் அப்பாவின் ஜீப் எங்கள் முன்னால் வந்து நின்றது. பின் சீட்டில் நடைவண்டி கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு யாராவது நடைவண்டி கொண்டுபோவார்களா?

டாக்டரம்மா பாப்பாவின் முழங்காலைத் தட்டினார், பாதத்தை மடக்கி நிமிர்த்தினார். எழுந்து நிற்க முயற்சி செய்கிறாளா என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா வண்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"கொறை வண்டியிலதாங்க. சக்கரம் ஒரு பக்கமா இழுக்குது. நீங்களே பாருங்க."

எனக்கு மானமே போய்விட்டது. டாக்டரம்மா அதட்டவில்லை. மூன்று சக்கரத்தையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "வண்டி நல்லா இருக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

காலில் பட்டை கட்டி, தினமும் பயிற்சி கொடுத்து, நாலு வயதில் அதே வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் பாப்பா நடந்தாள். அதெல்லாம் பின்னால். அன்றைக்கு மலை ஏறி வீடு வரும்வரை அப்பா அந்த வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு பாடுபட்டுச் செய்த வண்டியை டாக்டரே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், இந்த மனிதருக்கு இன்னும் என்ன வேண்டுமாம் என்று எனக்கு ஒரே எரிச்சலாக இருந்தது.