இரண்டு வெள்ளைக் கோடுகள்

லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகிற பெரிய சாலையில், டிராம் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் வெள்ளைக் கோடு போட்ட அன்று, அப்பா வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார். பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்த அன்றுகூட அவர் அப்படி வாயெல்லாம் பல்லாக வந்ததில்லை என்று அம்மா சொன்னாள். பிறந்ததெல்லாம் பெண்தானே, அதனால் அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்வாவை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

யுத்த காலம் அது. குண்டு விழும் என்று ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். பெட்ரோல் கிடையாது. பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே போகும், பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே ஆபீஸுக்குப் போகிறவர்கள் எல்லோரும் டிராமில்தான் தொற்றிக்கொண்டு போனார்கள். அந்த டிராமாவது ஒழுங்காகப் போகுமா என்றால் போகாது. சாலையில் தண்டவாளம் பதித்த நடுப்பாகம் மட்டும்தான் சமமாக இருக்கும். ஓரமெல்லாம் ஜல்லி பெயர்ந்து குண்டும் குழியும். அதனால் மாட்டுவண்டிக்காரர்களும் ஜட்காக்காரர்களும் ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் தண்டவாளத்தின்மேல் ஏற்றிவிட்டுச் சுகமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். மாட்டுக்கும் குதிரைக்கும் இழுப்பது சுலபம். பின்னால் டிராம் ஓட்டுகிறவர் மணியைக் காலால் மிதி மிதியென்று மிதிப்பார். யார் காதில் விழுகிறது?

அப்பாவுக்குக் கோட்டைப் பக்கத்தில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலை. தினமும் அதே டிராமில், அதே பெஞ்சியில், அதே ஆட்களோடு போவார். வக்கீல் குமாஸ்தா ஒருவர், பாங்கியில் வேலை பார்த்தவர் ஒருவர், வெற்றிலைப் பெட்டியோடு ஏறுகிற உபாத்தியாயர் ஒருவர், இன்னும் சிலர். அதற்கு நாங்கள் டிராம் சபை என்று பெயர் வைத்திருந்தோம். ஹிட்லரை எப்படிப் பிடிப்பது, கத்தரிக்காய் விலையை எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் அந்தச் சபையில் தினமும் தீர்மானமாகும். வண்டிகளைத் தண்டவாளத்திலிருந்து விரட்ட வேண்டும் என்ற தீர்மானமும் அங்கேதான் பிறந்தது. அப்பா அதற்குத் தலைவர். பேசாத அதிகாரி இல்லை, ஏறாத படி இல்லை. ஆபீஸில் தாமதமாகப் போய் மேலதிகாரியிடம் தினமும் பேச்சு வாங்குகிற மனுஷருக்கு அவ்வளவு ஆவேசம் வந்ததில் எனக்கு இப்போதும் ஆச்சரியம் இல்லை.

இதில் எங்கள் வீட்டுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அது அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை.

அக்கா அப்போது ராயப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்கு வந்திருந்தாள். பெரியவளான பெண்ணைப் படிக்க அனுப்புவதே அந்த நாளில் பெரிய விஷயம். அப்பா அனுப்பினார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு நிபந்தனையோடு அனுப்பினார். சுற்றிலும் படுதா கட்டிய ஜட்கா, நாலைந்து பெண்கள் சேர்ந்தே போக வேண்டும், தெரிந்த வண்டிக்காரர். அந்த வண்டிக்காரரை நாங்கள் சாயபு என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா காலத்திலிருந்தே எங்கள் தெருவுக்கு அவர்கள் வண்டிதான். வாசலில் வந்து மணியை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வார். பெண்கள் ஏறி உட்கார்ந்து படுதாவை இழுத்துவிட்ட பிறகுதான் வண்டிப் பக்கம் திரும்புவார். அக்காவுக்கும் அவளோடு போன மற்றப் பெண்களுக்கும் படிப்பு நடந்ததே அந்த மனுஷர் அப்படித் திரும்பி நின்றதனால்தான்.

எனக்கு விடுமுறையாக இருக்கிற நாட்களில் நானும் அந்த வண்டியில் ஒரு சவாரி போய் வருவேன். லஸ் வரைக்கும் தூக்கித் தூக்கிப் போடும். பெரிய சாலைக்கு வந்ததும் சாயபு நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுப்பார். குதிரை தானே ஒதுங்கிச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடும். உடனே ஆட்டம் நின்றுவிடும். அக்கா மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பிப்பாள். அவளுக்குக் கணக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. வெறும் ஆசை இல்லை, நிச்சயம் செய்தே வைத்திருந்தாள். என்னை வகுப்பாக உட்காரவைத்துக் கை நீட்டச் சொல்லி அடிக்கிற அளவுக்கு நிச்சயம்.

ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே வண்டிக்காரர்களைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம ஜட்காவும் அந்தத் தண்டவாளத்துலதான் போறது."

"நம்ம வண்டி வேற. அது பொண்கள் போற வண்டி. அதை யார் தடுக்கப் போறா?" என்றார் அப்பா. மோருக்குக் கையை ஏந்தினார்.

அவர் அதை மனசார நம்பினார். ஒரு சட்டம் வந்தால் அது மற்றவர்களுக்காகத்தான் வரும், நமக்குக் கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டுதான் வரும் என்று நினைத்தார். எங்கள் தெருவில் பெரிய மனிதர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

உத்தரவு வந்தது. காலையில் ஆபீஸ் நேரத்தில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் டிராமும் பஸ்ஸும் மட்டுமே போகலாம். வேறு எந்த வண்டியும் உள்ளே வரக் கூடாது. ராத்திரி விளக்கெல்லாம் அணைத்த யுத்த இருட்டடிப்பில் கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஓரத்து மரங்களுக்கு அடித்துக்கொண்டிருந்த அதே சுண்ணாம்பு, அதே ஆட்கள், அதே வாளி. முனைக்கு முனை ஒரு போலீஸ்காரர். முதல் நாள் டிராம் எங்கேயும் நிற்காமல் போனதாம். சபையில் அப்பாவுக்கு மாலை போடாத குறை. "உம்ம கோடு ஓய் இது" என்று எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். அல்வா வந்த கதை அதுதான்.

அன்று அக்காவுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. மறுநாள் காலையில் சாயபு வண்டியை வழக்கம்போல் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். குதிரைக்கு உத்தரவெல்லாம் தெரியுமா? கோட்டைத் தாண்டிச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட்டது. போலீஸ்காரர் பிடித்து நிறுத்தி, படுதாவுக்கு உள்ளே பெண்கள் இருக்கும்போதே வண்டியின்மேல் தடியால் தட்டினாராம். அக்கா அன்று சாயங்காலம் வந்து இதைச் சொன்னாள். சாயபு வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்.

"இன்னா பண்றது சாமி. கோட்டுக்குள்ளாற வுட மாட்டேன்றாங்க. ஓரத்துல போலாம்னா மாட்டுவண்டிங்கல்லாம் வரிசையா நின்னுக்கினு கீது, எறும்பு மாதிரி ஊருது. ஐஸ் அவுஸ் பக்கமா சுத்திக்கினு போனாத்தான் உண்டு. நேரம் ஆவும்."

"நான் சொல்லி வைக்கறேன்" என்றார் அப்பா. சொல்லியும் பார்த்தார். ஒரு ஜட்காவுக்கு விட்டால் எல்லா ஜட்காவுக்கும் விட வேண்டும், இதைக் கேட்டு வாங்கினதே நீங்கள்தானே என்று அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள்.

சுற்றிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். பாதி நாள் அந்தச் சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சீக்கிரமாகக் கிளம்பலாம் என்றால், நாலு வீட்டு அடுப்பும் ஒரே நேரத்தில் சீக்கிரமாக எரிய வேண்டுமே. ஒரு வீட்டில் குளித்திருக்க மாட்டாள், ஒரு வீட்டில் சாதம் வெந்திருக்காது. பெண்ணை நிறுத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்த வீடுகளுக்கு நல்ல காரணம் கிடைத்தது. ஒரு பெண் நின்றாள். இன்னொருத்திக்கு வரன் வந்தது. மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். தீபாவளி கழிந்தபோது வண்டியில் அக்கா ஒருத்திதான் மிச்சம். தனியாக ஒரு பெண் ஜட்காவில் போவதா என்று அடுத்த வீட்டில் ஆரம்பித்து, தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் வாய்க்கு என்றைக்கு ஓய்வு?

அப்பா ஜட்காவை நிறுத்திவிட்டார்.

அன்று சாயங்காலம் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"நீங்களே அழைச்சுண்டு போங்கோளேன். அந்த ஸ்கூல் வாசல் வழியாத்தானே உங்க டிராம் போறது. கூட உக்காத்திண்டு போய் இறக்கி விட்டா ஆச்சு."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த டிராம்ல வரவா எல்லாரும் என்னைத் தெரிஞ்சவா" என்றார்.

"தெரிஞ்சவான்னா நல்லதுதானேப்பா?" என்றாள் அக்கா.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். தெரியாதவர்கள் நடுவில் பெண் போகக் கூடாது என்றுதான் அதுவரை அவளுக்குச் சொல்லி வந்திருந்தார்கள். தெரிந்தவர்கள் நடுவிலும் போகக் கூடாது என்றால் பிறகு எங்கேதான் போவது? அப்பா எழுந்து கை கால் கழுவப் போனார். டிராம் சபையில் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனுஷருக்கு, பக்கத்தில் வளர்ந்த பெண்ணை உட்காரவைத்துக்கொள்ள வெட்கம். நாலு பேர் அவளைப் பார்ப்பார்களே என்ற வெட்கம். அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. எங்களுக்கு ஜுரம் வந்தால் ராத்திரி முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கொடுமைக்காரர் என்றால் கோபித்துக்கொண்டு மறந்துவிடலாம்.

அக்கா பரீட்சை எழுதவில்லை. சிலேட்டு எனக்கு வந்தது. அடுத்த வைகாசியில் கல்யாணமாகித் தஞ்சாவூர் போனாள். சாயபு கொஞ்ச நாள் கோயில் சவாரிக்கு வண்டி கட்டினார். பிறகு குதிரையை விற்றுவிட்டு, மச்சானோடு ஏதோ மரக்கடைக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட வாய்க்கவில்லை.

அந்த வெள்ளைக் கோட்டை மட்டும் அவ்வப்போது புதிதாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். டிராம் ஒழுங்காகப் போனது, அதில் பொய் இல்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு அது உபகாரம்தான். அப்பாவுக்கும் ஆபீஸில் பேச்சு வாங்குவது நின்றது. ஆனால் அதற்குப் பிறகு அவர் வீட்டில் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது "ஓய், உம்ம கோடு" என்றால் சிரித்து மழுப்பிவிடுவார்.

யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது. நானும் அதே பள்ளிக்கூடத்தில் அதே வகுப்புக்கு வந்தேன். எந்த வண்டியில் அனுப்புவது என்று யாரும் யோசிக்கவேயில்லை. "காலம் மாறிடுத்து, டிராம்லயே வா" என்றார் அப்பா. நான் அவரோடு ஏறினேன். சபையார் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். உபாத்தியாயர் எனக்கு இலக்கணக் கேள்வி கேட்டு வதைத்தார். அவ்வளவுதான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. காலம் மாறியதா, அப்பா மாறினாரா என்று எனக்குத் தெரியாது. யார் மாறியிருந்தாலும், அக்காவுக்குச் சில வருஷம் பிந்தித்தான் மாறியது.

அந்த வருஷம் அக்கா கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கினாள். காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவாள், டிபன் கட்டுவாள். இன்றைக்கு என்ன கணக்கு என்று கேட்பாள். நான் சொன்னால் பின்னுகிற கை கொஞ்சம் நிற்கும். ஒரு நாள் திடீரென்று, "நானும் ஸ்கூல் வரைக்கும் வரேண்டி. கொழந்தைக்கு டிராம் காட்டணும்" என்றாள். அப்பா குடையை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் குழந்தையோடு கிளம்பினோம்.

டிராமில் ஏறினதும் வக்கீல் குமாஸ்தா எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்தார். "மூத்த பொண்ணா? உக்காரும்மா, உக்காரு" என்றார். அப்பாவைப் பார்த்து, "என்ன ஓய், இத்தனை நாள் இவளை ஏன் அழைச்சுண்டே வரலை?" என்று சாதாரணமாகக் கேட்டார். அப்பா வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டேன். அக்கா குழந்தையின் கையைப் பிடித்துக் கடைகளைக் காட்டிக்கொண்டு வந்தாள். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இடத்தில் நிற்கவில்லை.

பள்ளிக்கூட வாசல் வந்தது. கதவு அகலத் திறந்திருந்தது, மணி அடிக்க இன்னும் வேண்டிய நேரம் இருந்தது. நாங்கள் இறங்கினோம். அக்கா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, படியில் நின்ற அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"இவ்வளவு கிட்டவாப்பா இருந்தது?" என்றாள்.

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் டிராம் தன் மணியை அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில், அதை நிறுத்தக் குறுக்கே ஒரு வண்டிகூட இல்லை.