விரிசல் இல்லாத சுவர்

எழுபதுகளில் எங்கள் தேனிப் பக்கத்து நிருபர் சங்கத்தில் பதினோரு பேர் இருந்தோம். எல்லோருக்கும் வேறு பிழைப்பும் உண்டு. எனக்கு உத்தமபாளையத்தில் உரக்கடை. சங்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, போடியில் ஸ்டுடியோ வைத்திருந்த புகைப்படக்காரர் ஒருவர் மனுக் கொடுத்தார். மலைப்பனியைப் படமெடுத்து டெல்லி வரை பரிசு வாங்கியவர். கலைப்படம் எடுப்பவரைப் பத்திரிகையாளர் என்று சொல்லலாமா? கூடவே கூடாது என்று மேசையைத் தட்டியவன் நான்தான். காரணம் இருந்தது.

அந்த ஐப்பசி மழையில், கம்பம் ரோட்டோரக் கிராமத்தில் கூலிக்குப் போகும் ஒரு விதவையின் வீட்டுச் சுவர் கூரை வரைக்கும் பிளந்துவிட்டது. மூன்று பிள்ளைகள். படமெடுத்து மனுவோடு வைத்தால் நிவாரணம் கிடைக்குமென்று யாரோ சொல்ல, அவள் இவரைக் கூப்பிட்டிருக்கிறாள். இவரும் காசு வாங்காமல் மழையோடு போய் எடுத்தார். இரண்டு நாள் கழித்து என் கடையில் படத்தைக் கொடுத்து, "பேப்பருக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

படத்தில் சுவரும் முகமும் பளிங்காக இருந்தன. கடையில் கூட்டம் வேறு. 'மழைக்கு அசராத சுவர், அசராத பெண்' என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே பேப்பரில் வந்துவிட்டது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. பேப்பரில் தன் வீடு வந்த சந்தோஷத்தில் அதை வெட்டி மனுவோடு சேர்த்துக் கொடுத்தாள். தாலுகா ஆபீசில் படித்துப் பார்த்துவிட்டு, சுவர் நன்றாகத்தானே இருக்கிறது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

விஷயம் என் காதுக்கு வந்ததும் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கல்யாணப் படத்தில் முகச்சுருக்கத்தைப் பென்சிலால் அடைப்பது போல விரிசலையும் அடைத்திருந்தார்.

"கோடு கோடா அசிங்கமா இருந்துச்சு. கை பழக்கம். எடுத்துட்டேன்" என்றார்.

இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவர்மேல் சங்கத்துக்குப் புகார் எழுதி, அவள் கைநாட்டு வாங்கக் கிராமத்துக்குப் போனேன். பேப்பரில் நான் எழுதிய வரியைப் புகாரில் சேர்க்கவில்லை.

அவள் புகாரைப் படிக்கச் சொல்லி முழுசும் கேட்டாள்.

"போட்டா எடுத்தவுக செஞ்சது தப்புத்தான். ஆனா மழையோட மழையா வந்து நின்னாக. அசராத சொவருன்னு எழுதுனாகளாமே, ஆபீசுல வாசிச்சுக் காட்டுனாக. எழுதுனவுக எப்ப வந்து பாத்தாக?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எழுதினது நான்தாம்மா. வந்து பாக்கல" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இப்பவாச்சும் பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். மாடு கட்டுகிற கம்பு ஒன்றைச் சுவருக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். அதன் கீழே கடைசிப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. விரிசலில் கையை வைத்தேன். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.