அறுந்த முனைக்குத் தாடி உண்டு

பன்ஃபீலோ கொலரோஸி தன் வாழ்நாளில் எத்தனை பேரை அடித்தான் என்று கேட்டால், நேப்பிள்ஸ் மதலேனா பாலத்தடியில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பதினெட்டு என்பான் ஒருவன், முப்பது என்பான் இன்னொருவன். போலீஸ்காரர்கள் இரண்டு பேரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதிலேயே இன்னொரு அடிதடி வரும். ஆனால் அடித்தே தீர வேண்டிய ஒருவனை அவன் அடிக்காமல் விட்ட நாள் ஒன்று உண்டு. குடியைக் கெடுத்தது அந்த நாள்தான்.

அவன் வயலின் தந்தி முறுக்குகிறவன். நேப்பிள்ஸில் தந்தி என்றால் ஆட்டுக்குடல். விடிந்ததும் கசாப்புக் கொட்டடியிலிருந்து சூடு ஆறாத குடல் கூடை கூடையாக வந்து இறங்கும். அதைப் பிதுக்கி, கழுவி, சாம்பல் காரத்தில் ஊறப்போட்டு, கொழுப்பைச் சுரண்டி, ஈரத்தோடு கொக்கியில் மாட்டி முறுக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அந்த நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ராஜசபையில் வயலின் வாசிக்கிறவனை மல்லிகை மணக்கும் சீமாட்டிகள் சூழ்ந்துகொள்கிறார்களே, அவன் விரலடியில் அழுவது இந்தக் கொட்டடிக் குடல்தான்.

அப்ருத்ஸோ மலையிலிருந்து அண்ணனும் தம்பியுமாக இறங்கி வந்து, பெரார்தினா என்ற விதவையின் தந்திக் கொட்டடியில் சேர்ந்தார்கள். அண்ணன் சபாட்டினோ வாய் திறக்காதவன். ஈரக் குடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டியே எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று சொல்லிவிடுவான். வயலினின் ஆக மெல்லிய தந்திக்குக் கொட்டடியில் பாடகி என்று பெயர். பாடகியை முறுக்க அவனுக்கு இணை யாருமில்லை. ஒவ்வொரு முறுக்குகிறவனுக்கும் ஒரு நூல் நிறம் உண்டு, சுருளின் முனையில் அதைக் கட்டுவார்கள். சபாட்டினோவின் நூல் மஞ்சளும் நீலமும். வியன்னாவில் இருக்கிறவனுக்கு அவன் முகம் தெரியாது, அந்த நூல் தெரியும்.

தம்பிக்கு முறுக்கும் வரும், கோபம் அதைவிட நன்றாக வரும். சாராயக் கடைக்காரன் ஒருவனின் தாடையைப் பெயர்த்துவிட்டு எட்டு மாதம் உள்ளே இருந்து வந்தான். வந்த அன்றைக்கு அண்ணன் அவனைத் திட்டவில்லை. ஒரு துண்டுக் குடலை எடுத்து அவன் பல்லுக்கு நடுவில் வைத்தான்.

"கோவம் வந்தா இதைக் கடிடா. பல்லுக்கு வேலை குடுத்தா கை சும்மா கெடக்கும்."

நம்ப மாட்டீர்கள், அது பலித்தது. மூன்று வருஷம் பன்ஃபீலோ யாரையும் தொடவில்லை. அவன் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து துண்டுக் குடல் கிடக்கும்.

அந்த வசந்தத்தில் கொர்வாரா என்ற வயலின் வித்துவான் வந்தான். ஐரோப்பா முழுக்க அவன் பேச்சுதான். தானே எழுதித் தானே வாசிக்கிறவன், அடுத்தவன் எழுதியதைத் தொட மாட்டான். அவன் எழுதியதை அடுத்தவனாலும் தொட முடியாது என்று பெயர். பெண்கள் மயங்கி விழுவார்களாம். பிசாசிடம் பாடம் கேட்டான் என்று பாதிரிகளே பேசிக்கொண்டார்கள். அவன் கச்சேரியின் கடைசி உருப்படிக்குப் 'புயல்' என்று பெயர். அதற்கென்று ஆள் அனுப்பி, மஞ்சள் நீல நூல் கட்டிய சுருளாகப் பார்த்து வாங்கிப் போனான். சபாட்டினோ அன்றைக்கு ஒரு கோப்பை அதிகமாகக் குடித்தான். அவன் செய்த ஆடம்பரம் அவ்வளவுதான்.

புதன்கிழமை கச்சேரி. புயலின் நடுவில் பாடகி அறுந்ததாம். பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. கொர்வாரா நிறுத்தவில்லை. வெள்ளிக் கம்பி சுற்றிய நாலாவது தந்தி ஒன்றிலேயே மீதிப் புயலையும் வாசித்து முடித்தான். அறுந்து தொங்கியதைப் பிடுங்கி உயர்த்திக் காட்டி, நேப்பிள்ஸ் குடலால் என் புயலைத் தாங்க முடியவில்லை என்று சொன்னானாம். ஜனம் நாற்காலியை உடைத்தது, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. விடிந்தபோது மீன் சந்தை முழுக்க அதே பேச்சு. குடல்காரன் எவனைப் பார்த்தாலும் வாயால் 'டொப்' என்று தந்தி அறுகிற சத்தம் போட்டுச் சிரித்தார்கள்.

கொட்டடிக்கு ஒரு சட்டம் உண்டு. புதுத் தந்தி முதல் நாளே மேடையில் அறுந்தால், முறுக்கியவனுக்கு அறுந்த ஒவ்வொரு தந்திக்கும் ஓர் அடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் நூலைத் தீயில் போடுவார்கள். நூல் எரிந்தவனை நேப்பிள்ஸில் எந்தக் கொட்டடியும் சேர்க்காது. அவன் மலைக்குத் திரும்பி ஆடு மேய்க்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை பெரார்தினாவே அடித்தாள். ஆளுயர பாஸ் வயலினுக்குப் போடும் தடித்த ஈரக் குடலை இரண்டாக மடித்துப் பிடித்தாள். முறுக்குகிறவர்கள் நாலு பேர் பன்ஃபீலோவைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். முதல் அடியில் சபாட்டினோவின் முதுகுச் சட்டை கிழிந்தது. இரண்டாவதில் தோல் போனது. மூன்றாவது தோளைத் தாண்டிக் கண்ணுக்கு நேராக வந்தது. மார்போடு கட்டியிருக்க வேண்டிய கையை அவன் தன்னையறியாமல் தூக்கிவிட்டான். ஈரக் குடல் அந்தக் கையைச் சுற்றிக்கொள்ள, அவள் சுண்டி இழுத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முறிந்த சத்தம் கொட்டடியில் எல்லோருக்கும் கேட்டது. அவள் முகம் வெளுத்துப் போயிற்று. ஆனாலும் குடலை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

அண்ணன் தந்தி தானாக அறாது என்று வெள்ளிக்கிழமை காலை பன்ஃபீலோ கச்சேரிக் கொட்டகைக்குப் போய், அங்கே பெருக்குகிறவளைத் தேடிப் பிடித்தான். வித்துவான் கையால் எறிந்தது என்று அவள் அறுந்த தந்திகளைச் சிலுவைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். தன் கத்தியைக் கொடுத்து மூன்று துண்டுகளை வாங்கிக்கொண்டான். வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

தானாக அறுந்த குடலுக்குத் தாடி இருக்கும். இழை இழையாகப் பிரிந்து ஆட்டுத்தாடி மாதிரி தொங்கும். இந்த மூன்றிலும் பாதி முனைக்குத்தான் தாடி இருந்தது. மீதிப் பாதி கத்தியில் வெட்டிய பாலாடைக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. ராவியிருக்கிறான், பாவி. மேடைக்கு வருவதற்கு முன்பே அரத்தை வைத்துப் பாதி ராவிவிட்டு, புயலில் தானாக அறுந்தது போல நாடகம் ஆடியிருக்கிறான்.

நேராகப் போய் அவன் கழுத்தைத் திருகியிருப்பான் பழைய பன்ஃபீலோ. ஆனால் அண்ணன் நூலைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் முதல்முறையாக அறிவோடு நடந்துகொண்டான். துண்டுகளைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு பெரார்தினாவிடம் காட்ட வந்தான். அவள் கசாப்புக்காரர்களோடு சண்டை போடப் போயிருந்தாள். வாசலில் உட்கார்ந்து காத்திருந்தான்.

அங்கேதான் கார்மினே வந்து சேர்ந்தான். அவனும் முறுக்குகிறவன்தான், ஆனால் சபாட்டினோ இருக்கும்வரை இரண்டாம் இடத்துக்காரன். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தான்.

"உங்கண்ணன் இனி என்ன பண்ணுவான் மச்சான்? சாசேஜுக்குக் குடல்ல கறி அடைக்க ஒத்தக் கை போதும்ல?"

பன்ஃபீலோ அவனை அடிக்கவில்லை. கார்மினே அதோடு விடவில்லை. முறிந்த கைக்காரனுக்கு எவள் சோறூட்டுவாள் என்றான், செத்துப்போன அவர்கள் தாயைப் பற்றி எழுத முடியாத ஒன்றைச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த கழுவுகிற பெண்களே காதைப் பொத்திக்கொண்டார்கள். பன்ஃபீலோவின் கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது, அப்போதும் கை எழவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பெரார்தினா வந்ததும் துள்ளி எழுந்து பையில் கையை விட்டான். பை காலியாக இருந்தது. வாயில்தான் இருந்தது, மூன்றும். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு துண்டாகப் போட்டுக் கடித்துத் தள்ளியிருக்கிறான். உள்ளங்கையில் துப்பியபோது எச்சிலில் ஊறிய கூழ்தான் வந்தது. ராவிய முனையும் இல்லை, தாடியும் இல்லை.

"இதையா காட்ட வந்த?" என்றாள் பெரார்தினா. "போய் நாய்க்குப் போடு."

கார்மினே விழுந்து விழுந்து சிரித்தான். பன்ஃபீலோ தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். எருமை மாதிரி இருந்தவன் அழுததைக் கொட்டடி அன்றைக்குத்தான் பார்த்தது.

கடைசியில் அவள் காலைப் பிடித்து ஒன்று கேட்டான். சனிக்கிழமை கொர்வாராவுக்கு இன்னொரு கச்சேரி இருக்கிறது, அதற்கு அவள் வர வேண்டும். அவன் தந்தியை ராவுகிறான் என்று தான் சொன்னது பொய் என்றால் தனக்கும் மூன்று அடி, தன் நூலையும் அண்ணன் நூலோடு எரிக்கலாம். அந்தப் பேரத்துக்கு அவள் இறங்கினாள். சபாட்டினோவின் கட்டுப் போட்ட கையை அவளால் இரண்டு நாளாக ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை என்பதும் ஒரு காரணம்.

சனிக்கிழமை கொட்டகையில், கீழே நின்று பார்க்கும் இடத்தில் இருவரும் நின்றார்கள். நாற்றத்துக்குச் சுற்றியிருந்தவர்கள் விலகியதால் தாராளமாக இடம் கிடைத்தது. பன்ஃபீலோ இருபது வருஷமாகத் தந்தி முறுக்குகிறவன், ஒரு வித்துவான் வாசித்து இதுவரை கேட்டதில்லை. கட்டைவிரலால் மீட்டிப் பார்ப்பதோடு சரி. கொர்வாரா வில்லை வைத்தான். வில் துள்ளியது, குதித்தது, தந்தியை அறைந்தது. இடக்கை விரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று தந்தியைச் சுண்டியது. ஒரு வயலினுக்குள் இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போடுவதுபோல் இருந்தது. இவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு பாடகி அசையாமல் நின்றாள். உச்சத்தில் ஊசிமுனைச் சத்தமாக அழுதாளே தவிர அறவில்லை. இது எங்கண்ணன் விரல் என்று நினைத்தான் பன்ஃபீலோ. கொர்வாராவையே ஒரு நிமிஷம் மன்னித்துவிட்டான்.

பிறகு கொர்வாரா திரைக்குப் பின்னால் போய்விட்டு வந்தான். புயல் தொடங்கியது. முதல் மின்னலிலேயே பாடகி அறுந்தாள். ஜனம் ஊளையிட்டது.

பன்ஃபீலோ பாய்ந்தான். நாலு பேரைத் தள்ளி, ஒருவனின் தோளில் மிதித்து, விளக்கு வரிசையைத் தாண்டி மேடையில் விழுந்தான். கொர்வாரா வில்லால் அவன் முகத்தில் கிழித்தான். புருவத்திலிருந்து தாடை வரை ரத்தம் கொட்டியது. பன்ஃபீலோ வயலினின் கழுத்தைப் பிடித்து, அறுந்த பாடகியையும் அறுவதற்குத் தயாராக இருந்த இரண்டாவதையும் முடுக்காணியோடு பிடுங்கினான். வயலினைக் கீறல் விழாமல் தரையில் வைத்தான். குடலைக் கைக்குள் மூடிக்கொண்டு சுருண்டு படுத்துக்கொண்டான்.

அதற்குள் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள். துப்பாக்கிக் கட்டையால் விலாவில் இடித்தார்கள், முதுகில் இடித்தார்கள், கையைத் திற என்று வாயிலேயே இடித்தார்கள். மேலிருந்து ஜனம் ஆரஞ்சுப் பழத்தையும் காலணியையும் எறிந்தது. புயலைக் கெடுத்த நாயைக் கொல்லு என்று கத்தியது. முன்பற்கள் மேடையில் சிதறின. கை திறக்கவில்லை. இந்த முறை வாய்ப்பக்கம் கொண்டுபோகவும் இல்லை.

கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு பெரார்தினா மேடை ஏறினாள். அந்த உடம்பையும் நாற்றத்தையும் பார்த்துச் சிப்பாயே ஒதுங்கினான். அவள் குனிந்தாள்.

"நான்தான்டா. கையைத் தொற."

திறந்தான். அவள் இரண்டாவது தந்தியை எடுத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. அரத்தால் ராவிய பள்ளம், பாதி ஆழத்துக்கு. மறுபடியும் தடவினாள். பிறகு நிமிர்ந்து கொர்வாராவிடம் போய், ஜனம் முழுக்கப் பார்க்க, கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். அவன் பக்கத்திலிருந்த நாற்காலியோடு போய் விழுந்தான்.

அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டால், கொர்வாராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே ரோமுக்குப் போய் அங்கேயும் மூன்று தந்திகளை அறுத்துக் காட்டினான். பன்ஃபீலோவுக்கு ஒன்றரை வருஷம் சிறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நூல் எரியவில்லை. பெரார்தினா சபாட்டினோ முன்னால் வந்து, தன் வலக்கையைக் குடல் வெட்டும் கட்டைமேல் வைத்து, பக்கத்தில் சுத்தியலையும் வைத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது.

"அடிச்சா என் வெரல் நேராயிடுமா? கையை எடுங்க முதலாளியம்மா, காரம் ஆறுது" என்றான் அவன்.

விரல் நேராகவே இல்லை. சபாட்டினோ அதன்பின் இடக்கையால் குடல் பொறுக்கினான். சிறையிலிருந்து வந்த பன்ஃபீலோ தன் நூலைத் தொடவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல முறுக்கினான், மஞ்சள் நீல நூலையே கட்டினான்.

பத்து வருஷம் கழித்து மிலானிலிருந்து வாட்டசாட்டமான வயலின்காரன் ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு வந்தான். கொர்வாரா செத்துப் போயிருந்தான், அவன் புயல் அச்சில் வந்திருந்தது. வந்தவன் தாளை விரித்துக் காட்டினான். சுரங்களுக்கு மேலே மூன்று இடத்தில் 'இங்கே தந்தி அறும்' என்று அச்சாகியிருந்தது. மஞ்சள் நீல நூல் தந்திதான் சரியான நேரத்தில் அறுமாம், ஊரெல்லாம் அப்படித்தான் பேச்சாம்.

"அதே மாதிரி அறுற தந்தியா ஒரு டஜன் வேணும்" என்றான். "நல்லா சத்தமா அறணும்."

கழுவுகிற பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்கள். சபாட்டினோ அவசர அவசரமாக ஒரு துண்டுக் குடலை எடுத்து, கோணல் விரல்களில் இடுக்கி, தம்பி வாய்ப்பக்கம் நீட்டினான்.

பன்ஃபீலோ அதை வாங்கிப் பார்த்தான். கடிக்கப் பல் ஏது? அண்ணன் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டு எழுந்தான். வந்தவனைக் கையுறையோடும் தாளோடும் தூக்கிச் சாம்பல் காரத் தொட்டிக்குள் தலைகீழாகப் போட்டான்.